உப்புத் தண்ணீர் ஊரில் ஹீட்டர் வைத்திருப்பவர்களுக்கு

“ஏனுங்க, போன தையிலதான் புதுசா மாட்டுனோம். அதுக்குள்ள காயில் போயிருச்சுங்கறாங்க. கம்பெனி சரியில்லைங்களா?”

மார்கழி பிறந்தால் ஆட்டையாம்பட்டி, வெண்ணந்தூர், ராசிபுரம் பக்கத்து எலக்ட்ரிக்கல் கடைகளில் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு இது. கம்பெனியைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை இருக்கிறது. குளியலறைக் குழாயின் வாயில் இருக்கிற சல்லடையைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். வெள்ளையாகப் பொருக்குத் தட்டிக் கிடந்தால், ஹீட்டரின் நோய் பாதி தெரிந்துவிட்டது. குழாயில் பச்சைத் தண்ணீர் ஓடியதற்கே இவ்வளவு என்றால், தினமும் காய்கிற தொட்டிக்குள் என்ன கிடக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சேலம், நாமக்கல் சமவெளி கெட்டிப் பாறை பூமி. கிணறுகள் வற்றியபின் ஊரே ஆழ்துளைப் போருக்கு மாறியது. இந்தியா முழுக்கப் போர் போடப் போகிற ரிக் வண்டிகளுக்குப் பேர்போன திருச்செங்கோடு பக்கத்திலேயே இருக்கும்போது ஆழத்துக்கு என்ன குறை? ஐநூறு அடி, எண்ணூறு அடி, ஆயிரம் அடி என்று இறங்கிவிட்டோம். பாறை வெடிப்புகளில் நெடுங்காலம் தங்கிக் கிடந்த தண்ணீர், பாறையில் கரைகிறதையெல்லாம் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. அதில் ஹீட்டருக்கு எமனாக இருப்பவை கால்சியமும் மெக்னீசியமும். இந்த வட்டாரத்து மண்ணில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. சங்ககிரியில் 1963-லிருந்து சிமென்ட் ஆலை நடப்பது சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான். சேலத்துக்கு வடக்கே வெட்டியெடுக்கிற வெள்ளைக்கல்லோ மெக்னீசியம் கார்பனேட்.

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500. அதன்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது; வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். மனிதர் குடிப்பதற்கான எல்லை இது. ஹீட்டரின் பொறுமை இன்னும் குறைவு. 200-ஐத் தாண்டினாலே காயிலில் உப்பு கட்ட ஆரம்பித்துவிடும். உங்கள் போர் தண்ணீரின் கணக்கு தெரியாவிட்டால், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்துச் சோதிக்கலாம். ஹீட்டர் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனை இது. யாரும் செய்வதில்லை.

உப்பு உள்ளே என்ன செய்கிறது

தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடு பட்டதும் கரியமில வாயுவை விட்டுவிட்டுச் சுண்ணாம்பாக மாறிப் படிகிறது. எங்கே சூடு அதிகமோ அங்கேதான் முதலில் ஒட்டும். ஹீட்டரில் அந்த இடம் காயில். 60 டிகிரியைத் தாண்டினால் படிவது வேகமாகும். தெர்மோஸ்டாட்டை 70, 75 என்று திருகி வைத்துவிட்டுப் பச்சைத் தண்ணீரைக் கலந்து குளிப்பவர்கள், மின்சாரத்தோடு காயிலின் ஆயுளையும் சேர்த்துச் செலவழிக்கிறார்கள். 50 முதல் 55 டிகிரி போதும். வாரம் ஒருமுறை மட்டும் 60-க்கு மேல் ஏற்றி இறக்குங்கள். வெதுவெதுப்பில் வளரும் கிருமிகளுக்கு அது மருந்து.

“உப்பு கட்டினால் கரண்ட் பில் எகிறும்” என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். மின்சார ஹீட்டரில் இது பெரிய அளவுக்கு உண்மையில்லை. காயில் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கிறது. அது கக்குகிற சூடு வேறு எங்கும் போக முடியாது, கொஞ்சம் தாமதித்தாவது தண்ணீருக்குத்தான் வந்தாக வேண்டும். அடி வாங்குவது காயில். கம்பளி போர்த்திய மாதிரி உப்பு சுற்றிக்கொள்வதால் உள்ளே இருக்கிற கம்பி தாங்க முடியாத சூட்டுக்குப் போகிறது. மேல் உறை வெடிக்கும், இல்லையென்றால் உள்கம்பி அறுந்துவிடும். இதற்கு முன்னறிவிப்பும் உண்டு. சுவிட்சைப் போட்டுச் சில நிமிடங்களில் தொட்டிக்குள்ளிருந்து கடமுட, உர்ர் என்று சத்தம் கேட்டால், உப்புப் படலத்துக்கு அடியில் சிக்கிய தண்ணீர் ஆவியாகி வெடித்து வெளியேறுகிறது என்று பொருள். அந்தச் சத்தம் கேட்ட வாரமே திறந்து சுத்தம் செய்தால் காயிலைக் காப்பாற்றலாம். அடுத்த மார்கழி வரைக்கும் விட்டால் புதுக் காயில்தான்.

தண்ணீர் சரியாகக் காயவில்லை என்றால்

முதலில் கணக்கு. 25 லிட்டர் ஹீட்டர், 2,000 வாட் காயில். தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம் வேண்டும். அரை மணி நேரம் ஆகும். 15 லிட்டருக்குப் பதினெட்டு, இருபது நிமிடம். உங்கள் ஹீட்டர் இந்தக் கணக்கை ஒட்டி நடந்தால் அதற்கு ஒன்றுமில்லை, கையை வைக்காதீர்கள்.

நேரம் கூடினால் நேராகக் காயிலைச் சந்தேகப்படாமல் வோல்டேஜைப் பாருங்கள். விசைத்தறிகள் நிறைய ஓடுகிற பகுதிகளில், டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளியிருக்கிற வீடுகளில் 180 வோல்ட் வருவது அதிசயமில்லை. வோல்டேஜ் குறைந்தால் காயிலின் சக்தி அதைவிட வேகமாகக் குறையும். 230-க்கு 2,000 வாட் தருகிற காயில், 180-க்கு 1,225 வாட்தான் தரும். அரை மணி வேலை ஐம்பது நிமிடமாகிவிடும். விடிகாலையில் சீக்கிரம் காய்கிறது, மாலையில் இழுக்கிறது என்றால் விஷயம் இதுதான். இதற்குக் காயில் மாற்றிப் பயனில்லை.

வெதுவெதுப்போடு விளக்கு அணைந்துவிடுகிறது என்பது இன்னொரு வகை. தெர்மோஸ்டாட்டின் உணர்குழாய் காயிலை ஒட்டியே இருக்கிறது. உப்பு வளர்ந்து இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டால், தண்ணீர் காய்வதற்கு முன்பே தெர்மோஸ்டாட்டுக்குச் சூடு ஏறி அது மின்சாரத்தை வெட்டிவிடும். தெர்மோஸ்டாட் கெட்டுவிட்டது என்று புதிது மாட்டுவார்கள். இரண்டு மாதத்தில் அதே கதை திரும்பும். சுத்தம் செய்தாலே போதும்.

விளக்கு எரிகிறது, தண்ணீர் கொஞ்சமும் காயவில்லை என்றால் காயில் அறுந்திருக்கலாம். மெக்கானிக்கிடம் மல்டிமீட்டர் இருக்கும். மின்சாரத்தை முழுதாகத் துண்டித்து, காயிலின் இரண்டு முனையிலும் வயரைக் கழற்றிவிட்டு ஓம் அளக்கச் சொல்லுங்கள். 2,000 வாட் காயிலுக்கு 26 ஓம் அளவில் காட்ட வேண்டும், 3,000 வாட்டுக்கு 17 அல்லது 18. அந்த அளவு காட்டினால் காயில் நன்றாக இருக்கிறது. முள்ளே அசையாவிட்டால், டிஜிட்டல் மீட்டரில் ‘1’ அல்லது ‘ஓ.எல்.’ என்று காட்டினால், அறுந்துவிட்டது. இந்த ஒரு சோதனையைக் கண்ணால் பார்க்காமல் காயிலுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

விளக்கே எரியாவிட்டால் சுவிட்ச், பிளக், அதன்பின் கட்டவுட். கட்டவுட் என்பது தெர்மோஸ்டாட் தவறினால் மின்சாரத்தை வெட்டுகிற இரண்டாம் காவல். பல ஹீட்டர்களில் அடிமூடியைக் கழற்றினால் சின்னப் பொத்தான் தெரியும், அழுத்தினால் டக்கென்று உட்காரும். ஒருமுறை அழுத்தி ஓடினால் சரி. திரும்பத் திரும்ப விழுந்தால் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதை மாற்ற வேண்டும். இந்த இடத்தில் சில பேர் செய்கிற காரியம் ஒன்று உண்டு: “கட்டவுட் தொந்தரவு பண்ணுதுங்க, டைரக்ட் குடுத்துட்டேன்” என்று இரண்டு வயரையும் முறுக்கி ஒட்டிவிட்டுப் போவது. அப்படிச் சொன்னவரை அந்த நிமிடமே நிறுத்தி, புதுக் கட்டவுட் போடச் சொல்லுங்கள். பாகம் இல்லையென்றால் கிடைக்கிற வரைக்கும் அடுப்பில் தண்ணீர் காய வையுங்கள்.

நன்றாகக் காய்ந்த தண்ணீர் ஒரு வாளியோடு தீர்ந்துபோனால் மிக்ஸரைச் சோதியுங்கள். ஷவரை மட்டும் அடைத்துவிட்டுச் சுடுதண்ணீர், பச்சைத் தண்ணீர் இரண்டு திருகும் திறந்தே கிடந்தால் பச்சைத் தண்ணீர் மிக்ஸர் வழியாகச் சுடுதண்ணீர் லைனுக்குள் புகுந்துவிடும். கழிவறையில் கை ஷவர் பொருத்திய வீடுகளில் இது அதிகம். செலவில்லாத ரிப்பேர்.

சுத்தம் செய்கிற முறை

போர் தண்ணீர் வீடு என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொட்டியைக் காலி செய்து அலச வேண்டும், வருடத்துக்கு ஒருமுறை திறந்து சுத்தம் செய்ய வேண்டும். முதலாவதை வீட்டிலேயே செய்யலாம். சுவிட்சை அணைப்பதோடு நிற்காமல் பிளக்கைப் பிடுங்கி விடுங்கள். சுடுதண்ணீரைத் திறந்துவிட்டு ஆறும்வரை ஓடவிடுங்கள். நீலக் குறி உள்ள பக்கத்து ஆங்கிள் வால்வை மூடி, அதன் ஹோஸைக் கழற்றுங்கள். சுடுதண்ணீர்க் குழாய் திறந்தே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றுப் புகாமல் தண்ணீர் இறங்காது. உள்வரும் வழியில் நான்-ரிட்டர்ன் வால்வு இருந்தால் அது தண்ணீரைத் திரும்ப விடாது. அதன் சின்ன நெம்புகோலைத் தூக்கினால் வடியும். வடிகிற தண்ணீரில் வெள்ளைச் சில்லுகளும் மணலும் வரும். ஹோஸை மறுபடி மாட்டி, ஆங்கிள் வால்வைத் திறந்து கொஞ்சம் நிரப்பி, மூடித் திரும்ப வடியவிடுங்கள்; இப்படி இரண்டு மூன்று முறை, தெளியும் வரைக்கும்.

பிறகு எல்லாவற்றையும் பழையபடி மாட்டி, ஆங்கிள் வால்வைத் திறந்து, சுடுதண்ணீர்க் குழாயில் காற்று புஸ்புஸ் என்று வருவது நின்று சீராகத் தண்ணீர் வரும்வரை காத்திருங்கள். அதற்குப் பிறகுதான் பிளக்கும் சுவிட்சும். காலித் தொட்டியில் சுவிட்சைப் போட்டால் சில நிமிடத்தில் காயில் எரிந்துவிடும். மேல் தொட்டி கழுவிய நாள், மோட்டார் ஓடாத நாள், ஊருக்குப் போய்த் திரும்பிய நாள் எல்லாவற்றுக்கும் இந்த விதி பொருந்தும்.

வருடாந்திரச் சுத்தத்துக்கு மெக்கானிக்கை வையுங்கள், ஆனால் பக்கத்தில் நில்லுங்கள். கீழ்ப்பக்க வட்டத் தகட்டைக் கழற்றினால் காயில், தெர்மோஸ்டாட் குழாய் எல்லாம் ஒன்றாக வெளியே வரும். உப்பைச் சுத்தியலால் தட்டினால் காயில் உறையில் கீறல் விழும், அதிலிருந்து தண்ணீர் உள்ளே போகும். கழிவறைக்கு ஊற்றுகிற ஆசிட்டில் ஊறவைப்பது அதைவிடக் கெடுதல். அது உப்போடு சேர்த்துச் செம்பையும் எவர்சில்வரையும் தின்னும். கடைகளில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கிற சிட்ரிக் ஆசிட் போதும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஐம்பது கிராம் போட்டுக் காயிலை மட்டும் மூழ்க வையுங்கள், வயர் முனைகள் நனையக் கூடாது. நுரைத்துக்கொண்டு கரையும். நுரை நின்ற பிறகும் உப்பு மிச்சமிருந்தால் புதுக் கரைசல் போடுங்கள். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் சீக்கிரம் கரையும் என்று நினைக்க வேண்டாம். சூட்டில் கால்சியம் சிட்ரேட் வெள்ளை மாவாகத் திரும்பவும் படியும். திரும்ப மூடும்போது ரப்பர் வாஷர் புதிதாக இருக்கட்டும்; பழைய வாஷரில் சொட்டும் நீர் நேராக மின் இணைப்புகள் மேல்தான் விழும்.

யாரும் மாற்றாத ராடு

அந்தத் தகட்டில் காயிலுக்குப் பக்கத்தில் பென்சில் தடிப்புக்கோ விரல் தடிப்புக்கோ இன்னொரு கம்பி தொங்கும். மெக்னீசியம் ராடு. மின்சாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரும்புத் தொட்டியையும் மெக்னீசியத்தையும் ஒரே தண்ணீரில் வைத்தால் அரிப்பு முதலில் மெக்னீசியத்தைப் பிடிக்கும். இரும்பு தப்பிக்கும். உள்ளே கண்ணாடிப் பூச்சு பூசிய தொட்டிகளிலும் பூச்சில் மயிரிழை வெடிப்பு இருக்கத்தான் செய்யும், அங்கே காவல் இந்த ராடுதான். காயில் கெட்டால் தெரிகிற மாதிரி ராடு கெட்டுப்போனது வெளியே தெரியாது. அது முழுதாகக் கரைந்துபோன அன்றைக்கும் தண்ணீர் சூடாகத்தான் வரும். அன்றிலிருந்து தொட்டி அரிக்க ஆரம்பிக்கும். ஒரு நாள் அடியில் சொட்டும். தொட்டியே ஓட்டையானால் அதற்கு ரிப்பேர் கிடையாது. எம்-சீல் வைத்து ஒட்டுவதெல்லாம் பண விரயம்.

உப்பு கூடின தண்ணீரில் மின்னோட்டம் எளிதாகப் போகும், அதனால் ராடும் சீக்கிரம் கரையும். மூன்று வருடம் வரும் என்று கையேட்டில் எழுதியிருந்தாலும் நம் தண்ணீருக்கு முதல் வருட முடிவிலேயே கழற்றிப் பாருங்கள். பாதிக்குமேல் தேய்ந்து நடுக்கம்பி தெரிந்தால் மாற்றிவிட வேண்டும். மெக்னீசியக் கல்லை மலையாக வைத்திருக்கிற மாவட்டத்தில், கையளவு மெக்னீசியக் கம்பியை மாற்றாமல் முழு ஹீட்டரையும் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

சுடுதண்ணீரில் மட்டும் அழுகின முட்டை நாற்றம் வந்தால் அதுவும் ராடு சம்பந்தப்பட்டதுதான். தண்ணீரில் சல்பேட் இருந்து, தொட்டியில் ஒருவகை பாக்டீரியா குடியேறினால் மெக்னீசியம் அதற்குத் தீனியாகிறது. தொட்டியை அலசி 60 டிகிரிக்கு மேல் காய்ச்சி விடுங்கள். அப்படியும் போகாவிட்டால் அலுமினியமும் துத்தநாகமும் கலந்த ராடு மாற்றலாம். நாற்றம் பிடிக்கவில்லை என்று ராடைக் கழற்றி ஓட்டையை அடைத்துவிடாதீர்கள்.

மென்னீராக்கும் கருவி வாங்கியவர்கள் இனி எதையும் பார்க்க வேண்டாம் என்று நினைக்கிறார்கள். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. காயிலுக்கு நிம்மதி, ராடு தேய்வதோ குறையாது, கூடவும் செய்யும்.

சொட்டுகிற வால்வு, அடிக்கிற கரண்ட்

உள்வரும் குழாயில் பித்தளையில் ஒரு வால்வு பொருத்தியிருப்பார்கள். தண்ணீர் காயும்போது அதிலிருந்து சொட்டுச் சொட்டாக வருகிறது என்று பலரும் பதறுகிறார்கள். பதற வேண்டியதில்லை. தண்ணீர் 25-லிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் விரியும். 25 லிட்டருக்கு இரண்டு சின்ன டம்ளர் அளவு. நான்-ரிட்டர்ன் வால்வு திரும்பிப் போக விடாததால் அந்தத் தண்ணீர் இந்த வழியாக வெளியேறுகிறது. அதன் வேலையே அதுதான். காயாத நேரத்திலும் நிற்காமல் ஒழுகினால் மட்டும் வால்வில் உப்பு சிக்கியிருக்கிறது. நெம்புகோலைத் தூக்கிக் கழுவுங்கள், நிற்காவிட்டால் வால்வை மாற்றுங்கள்.

அதை மூடி போட்டு அடைப்பது மட்டும் கூடவே கூடாது. தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டது, கட்டவுட்டை ஏற்கெனவே யாரோ டைரக்ட் செய்துவிட்டார், வால்வுக்கும் மூடி போட்டாயிற்று என்று மூன்றும் சேர்ந்தால் தொட்டிக்குள் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அழுத்தத்தில் நிற்கும். தொட்டி எங்காவது விட்டுக்கொடுத்தால் அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி ஒரு நொடியில் ஆவியாகும். தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 மடங்கு இடம் பிடிக்கும். ஹீட்டர் வெடித்துச் சுவர் இடிந்த செய்திகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த மாதிரிக் கூட்டுச் சதிதான் இருக்கும். வால்வின் வாயில் ஒரு மெல்லிய ஹோஸை மாட்டி அதைத் தரைச் சல்லடைக்கு விட்டுவிடுங்கள், தொந்தரவு தீர்ந்தது.

குழாயைத் தொட்டால் சுர்ரென்கிறது என்றால் பேச்சுக்கு இடமில்லை. மெயினை அணையுங்கள், ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்குங்கள், எலக்ட்ரீசியன் வரும்வரை அந்தக் குளியலறையில் யாரும் நுழைய வேண்டாம். காயில் உறை வெடித்துத் தண்ணீருக்கு மின்சாரம் இறங்குவது ஒரு காரணம். ஆனால் எர்த் சரியாக இருந்தால் அந்த மின்சாரம் மண்ணுக்குப் போயிருக்கும், உங்களுக்கு வந்திருக்காது. ஆகவே கோளாறு இரண்டு: காயிலும் எர்த்தும். காயிலை மட்டும் மாற்றிவிட்டுப் போகிறவரை விடாதீர்கள். கோடையில் மண் காய்ந்து எர்த் குழி செயலிழப்பது நம் பக்கத்தில் சகஜம்; குழிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்றுவதும் பராமரிப்பில் சேர்ந்தது.

வீட்டு மெயின் பெட்டியில், மின்கசிவைக் கண்டதும் வெட்டுகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பாருங்கள். சிலர் ஈ.எல்.சி.பி. என்பார்கள். அதன் மேல் ‘டி’ என்று ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்தினால் டப்பென்று விழ வேண்டும். ஹீட்டர் போட்டதும் அது விழுந்தால் கோபித்துக்கொண்டு அதைக் கழற்றிவிடும் வீடுகள் உண்டு. ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். இப்போது நின்றால் கசிவு ஹீட்டரில்தான், பெரும்பாலும் காயிலில். முக்கியமாக, சாதாரண டிரிப்பர் இந்த வேலையைச் செய்யாது. அது வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது.

பிளக் கருகின வாசம் வந்தால் 2,000 வாட் ஹீட்டரை 6 ஆம்பியர் பிளக்கில் செருகியிருப்பார்கள், அல்லது பிளக்குக்குள் திருகாணி தளர்ந்திருக்கும். 2,000 வாட்டுக்கு ஏறக்குறைய 9 ஆம்பியர், 3,000 வாட் இன்ஸ்டன்டுக்கு 13 ஆம்பியர் ஓடும். 16 ஆம்பியர் பவர் பிளக், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், தனி டிரிப்பர் வேண்டும். எக்ஸ்டென்ஷன் போர்டு ஆகவே ஆகாது.

இம்மர்ஷன் ராடு, சோலார், பாய்லர், கேஸ்

வாளியில் போடுகிற இம்மர்ஷன் ராடு வாங்கினால் ஐ.எஸ். 368 முத்திரை பார்த்து வாங்குங்கள். முதலில் தண்ணீர், பிறகு ராடு, கடைசியில் பிளக். எடுக்கும்போது தலைகீழ் வரிசை. காய்ந்துவிட்டதா என்று விரல் விட்டுப் பார்ப்பது பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான். எவர்சில்வர் வாளி வேண்டாம். வெள்ளைப் பொருக்கு வெடித்துத் தகடு தெரிகிற ராடைக் குப்பையில் போடுங்கள்.

மாடியில் சோலார் வைத்தவர்களுக்கு உப்பு கண்ணாடிக் குழாய்களின் அடியில் சேரும், வருடம் ஒருமுறை குழாயைக் கழற்றிக் கழுவ வேண்டியிருக்கும். குழாயின் கீழ்நுனியில் வெள்ளி நிறப் பூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். அது பால் மாதிரி வெளுத்திருந்தால் வெற்றிடம் போய்விட்டது, அந்தக் குழாய் சூடு தராது. அதை மட்டும் மாற்றினால் போதும், மொத்தச் சோலாரையும் மாற்றச் சொன்னால் கேட்காதீர்கள். உப்பு மிக அதிகமான போருக்கு ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைத்த மாதிரி கேட்டு வாங்கலாம்.

செம்புப் பாய்லர் இன்னும் பல வீட்டுப் புறக்கடையில் இருக்கிறது. விறகும் தேங்காய் மட்டையும் கிடைக்கிறவர்கள் அதைத் தூக்கிப்போட அவசரப்பட வேண்டாம். உப்புக்கு அதுவும் தப்பாது, ஆனால் எரிந்துபோகக் காயில் இல்லை. புகைபோக்கி அடைக்காமல் பார்த்துக்கொண்டால் சரி.

கேஸ் கீசரைக் குளியலறைக்குள் மாட்டாதீர்கள். ஜன்னலை அடைத்துக் குளிக்கிறபோது காற்று போதாமல் எரியும் கேஸ் கார்பன் மோனாக்ஸைடைக் கக்கும். அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. தலைசுற்றலாகத் தொடங்கி நிமிடக் கணக்கில் ஆளைச் சாய்த்துவிடும். வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாட்டிக் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டும். ஏற்கெனவே உள்ளே மாட்டியிருந்தால் இந்த வாரமே இடம் மாற்றுங்கள்.

புதிது வாங்குகிறபோது

நாலு பேர் இருக்கிற வீட்டில் ஆளுக்கு 15 லிட்டர் சுடுதண்ணீர் என்றால் நாளுக்கு ஏறக்குறைய இரண்டரை யூனிட், இரண்டு மாதக் கணக்கில் 150 யூனிட் பக்கம் வரும். 2016-லிருந்து கிடைக்கிற இலவச 100 யூனிட்டை ஹீட்டர் ஒன்றே விழுங்கிவிடும். 500 யூனிட்டைத் தாண்டினால் முந்தின யூனிட்டுகளின் கட்டணமும் மாறும் என்பதால் எல்லையை ஒட்டி இருக்கிற வீடுகள் கணக்குப் பார்த்துப் போட வேண்டும். பங்குனி, சித்திரையில் சேலம் வெயிலுக்கு மாடித் தொட்டித் தண்ணீரே கை சுடும். அந்த மாதங்களில் ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கித் தொட்டியைக் காலி செய்து வைக்கலாம்.

ஐ.எஸ். 2082 முத்திரையும் நட்சத்திர மதிப்பும் இருக்கட்டும். வாரண்டியில் தொட்டிக்கு எத்தனை வருடம், காயிலுக்கு எத்தனை வருடம் என்று தனித்தனியாகப் படியுங்கள். உப்புத் தண்ணீரால் வந்த பழுதுக்குப் பொறுப்பில்லை என்கிற வரி சின்ன எழுத்தில் இருக்கும். மெக்னீசியம் ராடு உங்கள் ஊர்க் கடையில் கிடைக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள். மாட்டும்போது அடிப்பக்கம் காயிலும் ராடும் இறங்கி வர இடம் விடச் சொல்லுங்கள். ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஒளித்து வைத்த ஹீட்டரை எந்த மெக்கானிக்கும் சுத்தம் செய்ய மாட்டார். சுடுதண்ணீர் லைனுக்கு சி.பி.வி.சி. குழாய்தான். சாதாரண வெள்ளை பி.வி.சி. சூட்டில் வளைந்து மூட்டு விட்டுவிடும்.

எல்லாவற்றையும்விடப் பலன் தருகிற வேலை ஒன்று உண்டு. நம் பக்கத்தில் குடிக்கக் காவிரித் தண்ணீர், புழங்கப் போர் தண்ணீர் என்று இரண்டு வருகிற வீடுகள் ஏராளம். ஹீட்டரை வழக்கமாகப் போர் லைனில் சேர்த்துவிடுகிறார்கள். மாடியில் நூறு, இருநூறு லிட்டரில் ஒரு சின்னத் தொட்டியைத் தனியாக வைத்து, அதில் காவிரித் தண்ணீரையோ வடிகட்டிச் சேமித்த மழைத் தண்ணீரையோ நிரப்பி, அங்கிருந்து ஹீட்டருக்கு மட்டும் ஒரு குழாய் இழுத்துவிடுங்கள். மழைநீர்ச் சேகரிப்பு 2003-லிருந்து தமிழ்நாட்டில் கட்டாயம். குழாய் ஏற்கெனவே மொட்டைமாடியிலிருந்து இறங்கிக்கொண்டுதான் இருக்கும். நாளுக்கு அறுபது லிட்டர்தான் ஹீட்டர் கேட்கிறது. பச்சைத் தண்ணீர் போரிலிருந்தே வரட்டும். ஒரு தொட்டி, கொஞ்சம் குழாய், பிளம்பரின் அரை நாள் கூலி: செலவு இவ்வளவுதான். புது லைன் இழுக்கிற அன்றைக்கே பழைய போர் இணைப்பை அடைத்துவிடச் சொல்லுங்கள். திருகி மூடும் வால்வு போட்டு வைத்தால், சின்னத் தொட்டி காலியான ஒரு காலையில் அவசரத்துக்கு யாராவது அதைத் திறந்துவிடுவார்கள், பிறகு மூட மறந்துவிடுவார்கள்.